பக்கத்துக்கு 20 பதிவுகள், தலைப்பில் மொத்த எண்ணிக்கை: ஒரே வினவலில் பெறலாமா?

கேள்வியின் சாரம் இது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பல லட்சம் பதிவுகள் கொண்ட ஆர்டர்கள் அட்டவணை ஒன்று இருக்கிறது. பயனர் நகரம், நிலை, தேதி ஆகியவற்றைக் கொண்டு வடிகட்டும்போது பக்கத்துக்கு 20 ஆர்டர்களைக் காட்ட வேண்டும்; பட்டியலின் தலைப்பில், வடிகட்டலுக்குப் பொருந்திய ஆர்டர்கள் மொத்தம் எத்தனை என்பதையும் காட்ட வேண்டும். இப்போது ஒரே நிபந்தனையை இருமுறை எழுதி, பக்கத்துக்கு ஒன்றும் எண்ணிக்கைக்கு ஒன்றுமாக இரண்டு வினவல்கள் ஓடுகின்றன. இவற்றை ஒன்றாக்க முடியுமா, ஒன்றாக்கினால் வேகம் கூடுமா என்பதே கேட்கப்பட்டிருக்கிறது.

ஒன்றாக்க முடியும். எந்த நெடுவரிசைகள் வேண்டும் என்று சொல்லும் செலக்ட் பட்டியலில் 'கவுண்ட்(*) ஓவர் ()' என்று ஒரு நெடுவரிசையைச் சேர்த்தால், எத்தனை பதிவுகள் போதும் என்று சொல்லும் லிமிட் போட்டு 20 பதிவுகளை மட்டும் எடுத்தாலும், ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் மொத்த எண்ணிக்கை வந்து நிற்கும். ஆனால் வேகம் கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரிய அட்டவணைகளில் அது குறைவதற்கே வாய்ப்பு அதிகம். இரண்டு வினவல்களாக வைத்திருப்பதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை என்பதும், பல இடங்களில் அதுவே சரியான வடிவம் என்பதும் என் கருத்து. ஏன் என்பதைப் பார்க்க, இந்த இரண்டு வேலைகளின் செலவும் எவ்வளவு வேறுபட்டவை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

லிமிட் 20 என்று எழுதும்போது, இருபது கிடைத்ததும் நிறுத்திக்கொள்ளலாம் என்ற அனுமதியைத் தரவுத்தளத்துக்குத் தருகிறோம். நகரம், தேதி என்ற வரிசையில் ஓர் இன்டெக்ஸ் (விரைந்து தேடுவதற்காக வரிசைப்படுத்தி வைத்த சுட்டி) இருந்து, பட்டியலும் தேதிப்படி இறங்குவரிசையில் கேட்கப்பட்டால், போஸ்ட்கிரெஸ் அந்த இன்டெக்ஸின் ஒரு முனையில் தொடங்கி, பொருந்தும் முதல் இருபதைப் பொறுக்கிக்கொண்டு வேலையை முடித்துவிடும். அட்டவணையில் ஒரு லட்சம் பதிவுகள் இருந்தாலும் ஒரு கோடி இருந்தாலும் முதல் பக்கத்துக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். எண்ணிக்கைக்கு இந்தச் சலுகை இல்லை. பொருந்தும் கடைசிப் பதிவு வரை பார்த்தால்தான் எண்ண முடியும். கல்யாணப் பந்தியில் முதல் வரிசைக்கு இலை போட, மண்டபத்தில் மொத்தம் எத்தனை பேர் என்று எண்ணி முடிக்கும் வரை யாரும் காத்திருப்பதில்லை. இரண்டையும் ஒரே வினவலில் கட்டிப்போடும்போது நாம் காத்திருக்கச் சொல்கிறோம்.

இதற்குக் காரணம், வினவலின் பகுதிகள் செயல்படும் வரிசை. வேர் (WHERE, பதிவுகளை வடிகட்டும் நிபந்தனை), குரூப் பை (குழுவாக்கல்), ஹேவிங் (குழுக்களை வடிகட்டல்) ஆகியவை முடிந்த பிறகே, ஓவர் கொண்டு எழுதப்படும் விண்டோ செயற்கூறுகள் கணக்கிடப்படுகின்றன. அதன் பிறகே வரிசைப்படுத்தும் ஆர்டர் பை. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் லிமிட்டும், தொடக்கத்தில் எத்தனை பதிவுகளைத் தாண்ட வேண்டும் என்று சொல்லும் ஆஃப்செட்டும். அதனால்தான் ஓவர் () தரும் எண்ணிக்கை லிமிட்டால் பாதிக்கப்படாமல் முழுமையாக வருகிறது. அதே காரணத்தால்தான், முதல் பதிவை வெளியே விடுவதற்கு முன்பே பொருந்தும் பதிவுகள் அனைத்தையும் அது படித்து முடிக்க வேண்டியிருக்கிறது. படித்தவற்றை எங்கேனும் வைத்திருக்கவும் வேண்டும். இத்தகைய வேலைக்கு எவ்வளவு நினைவகம் என்று வரையறுக்கும் வொர்க் மெம் என்ற அளவுருவின் இயல்பு மதிப்பு 4 எம்பி மட்டுமே. பொருந்தும் பதிவுகள் அதைத் தாண்டினால் தற்காலிகக் கோப்பாக வட்டில் எழுதப்படும். நீங்கள் செலக்ட் பட்டியலில் பத்து இருபது நெடுவரிசைகளை வைத்திருந்தால், எண்ணுவதற்குச் சிறிதும் தேவைப்படாத முகவரி, குறிப்பு போன்றவையும் அந்தக் கோப்புக்குள் போகும். தனியாக எழுதப்பட்ட எண்ணிக்கை வினவலுக்கு இந்தச் சுமை எதுவும் இல்லை. ஒரு சிறிய இன்டெக்ஸை மட்டும் புரட்டி அது முடிந்துவிடக்கூடும்.

அப்படியானால் ஓவர் () எங்கே பொருந்தும்? வடிகட்டிய பிறகு எஞ்சுபவை சில ஆயிரங்களுக்குள் அடங்கும் இடங்களில் தாராளமாகப் பயன்படுத்தலாம். வடிகட்டலே கனமாக இருந்து, அதை இருமுறை ஓட்டுவது வீண் என்னும் இடங்களிலும் அது நன்மையே தரும்: பல அட்டவணைகளை இணைத்து, குரூப் பை செய்து, கூட்டுத்தொகையின்படி வரிசைப்படுத்திக் காட்டும் அறிக்கை ஒன்றுக்கு, முதல் பக்கத்தைத் தருவதற்கே எல்லாவற்றையும் படித்தாக வேண்டும்; அங்கே எண்ணிக்கை ஏறக்குறைய இலவசமாகவே கிடைக்கிறது. போஸ்ட்கிரெஸில் 2009-இல் வந்த 8.4 பதிப்பிலிருந்தும், எஸ்க்யூஎல் சர்வரில் 2005 பதிப்பிலிருந்தும் இந்த வசதி இருக்கிறது, மைஎஸ்க்யூஎல் 8.0-வும் எஸ்க்யூலைட் 3.25-உம் 2018-இல்தான் இதைப் பெற்றன. ஆகவே பழைய பதிப்புகளுக்காக எழுதப்பட்ட குறிப்புகளில் இது இல்லாதது வியப்பன்று.

பயன்படுத்துவதாக முடிவு செய்தால் சில பொறிகளை அறிந்திருக்க வேண்டும். ஓவர் என்பதன் அடைப்புக்குறிக்குள் ஆர்டர் பை எழுதிவிட்டால் அது மொத்த எண்ணிக்கையாக இராமல் பதிவுக்குப் பதிவு கூடிக்கொண்டே போகும் எண்ணிக்கையாக மாறிவிடும். அடைப்புக்குறிக்குள் ஒன்றும் இருக்கக்கூடாது. குரூப் பை இருந்தால் அது குழுக்களை எண்ணும், அதுவே பெரும்பாலும் நமக்கு வேண்டியதும். ஆனால் செலக்ட் டிஸ்டிங்க்ட் இருந்தால், விண்டோ கணக்கு முடிந்த பிறகே இரட்டைப் பதிவுகள் நீக்கப்படுகின்றன என்பதால், திரையில் இருப்பதைவிட அதிகமான எண்ணிக்கை வரும். இது சோதனைத் தரவில் தெரியாமல் போய், உண்மைத் தரவில் வெளிப்படும் வகைப் பிழை. டிஸ்டிங்க்டை உள்வினவலுக்குள் தள்ளிவிட்டு வெளியே எண்ணுவதுதான் வழி. கவுண்டுக்குள் டிஸ்டிங்க்ட் எழுதி அதை ஓவர் உடன் சேர்க்கலாமே என்றால், போஸ்ட்கிரெஸ் அதை ஏற்பதில்லை.

இவற்றைவிட அடிக்கடி காலை வாருவது வெற்றுப்பக்கச் சிக்கல். மொத்தம் 57 ஆர்டர்கள் இருக்க, யாரோ பழைய இணைப்பைத் திறந்து நான்காம் பக்கத்தைக் கேட்கிறார் என்று கொள்வோம். ஆஃப்செட் 60, ஒரு பதிவும் வராது, பதிவே வராதபோது அதன் ஓரத்தில் ஒட்டியிருக்க வேண்டிய எண்ணிக்கையும் வராது. உங்கள் நிரல் அதைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டு 'பொருந்தும் ஆர்டர்கள் இல்லை' என்று அறிவிக்கும், அது பொய். வெற்றுப் பக்கம் வந்தால் மட்டும் எண்ணிக்கையைத் தனியே கேட்பது எளிய தீர்வு. ஒரே வினவலில்தான் வேண்டும் என்றால், பொருந்தும் பதிவுகளை வித் என்ற பொது அட்டவணைக் கோவையில் ஒருமுறை வரையறுத்து, அதிலிருந்து எண்ணிக்கையை ஒரு துணைவினவலாகவும் லிமிட் போட்ட பக்கத்தை இன்னொன்றாகவும் எடுத்து, இணை கிடைக்காவிட்டாலும் எண்ணிக்கையின் பதிவு எஞ்சுமாறு அவுட்டர் ஜாயின் செய்ய வேண்டும். பக்கம் வெறுமையாக இருந்தாலும் எண்ணிக்கை தாங்கிய ஒரு பதிவு, மற்ற நெடுவரிசைகள் நல் (NULL, மதிப்பில்லாதவை) ஆக, நிச்சயம் வரும். இருமுறை சுட்டப்படும் கோவையைப் போஸ்ட்கிரெஸ் இயல்பாக முழுவதும் உருவாக்கி வைத்துக்கொள்ளும் என்பதால், மேலே சொன்ன நினைவகச் செலவு இதற்கும் உண்டு. அந்தக் கோவைக்குள் முதன்மைச் சாவியையும் வரிசைப்படுத்தும் நெடுவரிசையையும் மட்டும் வைத்து, தேர்ந்த இருபதுக்கு மட்டும் ஆர்டர்கள் அட்டவணையோடு மீண்டும் இணைத்தால் செலவு பெருமளவு குறையும்.

இனி இரண்டு வினவல்கள் என்ற வழி. இதைக் கைவிடத் தூண்டுவது, ஒரே நிபந்தனையை இரண்டு இடத்தில் பராமரிக்க வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல்தான். அது நிரலின் அமைப்பைப் பற்றிய குறை. தரவுத்தளத்தின் வேகத்தோடு அதற்குத் தொடர்பில்லை. நிபந்தனையையும் அதன் அளவுருக்களையும் உருவாக்கும் ஒரே செயற்கூற்றிலிருந்து இரண்டு வினவல்களும் பிறந்தால் எரிச்சல் தீர்ந்தது. ஆனால் பக்க வினவலை அப்படியே எடுத்து, அதைச் சுற்றி கவுண்ட் என்று போர்த்திவிடுவதோடு நின்றுவிடக்கூடாது. எண்ணிக்கைக்கு ஆர்டர் பை தேவையில்லை. வாடிக்கையாளர் பெயரைக் காட்டுவதற்காக மட்டும் சேர்க்கப்பட்ட லெஃப்ட் ஜாயின் என்ற அட்டவணை இணைப்பு, பதிவுகளின் எண்ணிக்கையை மாற்றாது என்றால், அதுவும் தேவையில்லை. இவற்றைக் களைந்தாலே எண்ணிக்கை வினவல் பல மடங்கு இலேசாகிவிடுவதைப் பார்க்கலாம்.

இணைப்பால் பதிவுகள் பெருகும் இடத்தில்தான் கவனம் தேவை. ஓர் ஆர்டருக்கு மூன்று பொருள்கள் இருந்து, பொருள் அட்டவணையோடு நேரே இணைத்தால், அந்த ஆர்டர் மூன்று முறை எண்ணப்படும். பக்கத்திலும் இருபது ஆர்டர்களுக்குப் பதிலாக ஏழெட்டு ஆர்டர்களே வரும். டிஸ்டிங்க்ட் போட்டுச் சமாளிப்பதைவிட, 'இந்த ஆர்டரில் இன்ன பொருள் உண்டா' என்ற நிபந்தனையை எக்ஸிஸ்ட்ஸ் கொண்டு எழுதுவது நல்லது; அது பதிவுகளைப் பெருக்காது, முதல் பொருத்தம் கிடைத்ததுமே நிற்கவும் செய்யும். கவுண்டுக்குள் ஒரு நெடுவரிசையின் பெயரை எழுதுவதையும் தவிர்க்க வேண்டும்: அது நல் அல்லாதவற்றை மட்டுமே எண்ணும். கவுண்ட்(1) என்பது கவுண்ட்(*) என்பதைவிட வேகமானது என்று நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை உலவுகிறது, அதற்கு ஆதாரமில்லை.

இரண்டு வினவல்களுக்கு எதிராகச் சொல்லத்தக்க உண்மையான வாதம் ஒன்றுண்டு. அவற்றின் இடையே யாராவது ஓர் ஆர்டரைச் சேர்த்தாலோ நீக்கினாலோ, எண்ணிக்கையும் பக்கமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகலாம். போஸ்ட்கிரெஸின் இயல்பான தனிமைப்படுத்தல் நிலையான ரீட் கமிட்டெடில் ஒவ்வொரு வினவலும் தரவின் புதிய தோற்றத்தைக் காண்கிறது. இரண்டையும் ஒரே பரிவர்த்தனைக்குள் (ஒரே அலகாக நடக்கும் வினவல் தொகுதிக்குள்) வைத்து, அதை ரிப்பீட்டபிள் ரீட் நிலையில், படிப்பதற்கு மட்டும் என்று தொடங்கினால் இரண்டும் ஒரே தோற்றத்தையே காணும். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு அமைப்பான இன்னோடிபியில் ரிப்பீட்டபிள் ரீட்தான் இயல்புநிலை; அங்கே ஒரே பரிவர்த்தனைக்குள் வைப்பதே போதும். கணக்குத் தணிக்கை அறிக்கைக்கு இதைச் செய்யுங்கள். ஆர்டர் பட்டியலுக்கு இதெல்லாம் தேவையா என்பது ஐயமே: பயனர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிடத்திலேயே எண்ணிக்கை பழையதாகிவிடுகிறது.

ஒரே வினவல்தான் மேலானது என்ற எண்ணம் இவ்வளவு ஆழமாக ஊன்றியதில் மைஎஸ்க்யூஎல்லுக்குப் பங்குண்டு என்று நினைக்கிறேன். அங்கே செலக்டுக்கு அடுத்து 'எஸ்க்யூஎல்_கேல்க்_ஃபவுண்ட்_ரோஸ்' என்ற குறிப்பைச் சேர்த்து லிமிட்டோடு ஓட்டி, பிறகு 'ஃபவுண்ட்_ரோஸ்()' என்று கேட்டால், லிமிட் இல்லாதிருந்தால் எத்தனை வந்திருக்கும் என்பது கிடைக்கும். பார்வைக்கு அழகான ஏற்பாடு. ஆனால் அந்தக் குறிப்பு, இருபது கிடைத்ததும் நிறுத்தும் உரிமையைத் தரவுத்தளத்திடமிருந்து பறித்துவிடுகிறது. தனியே கேட்கப்படும் எண்ணிக்கைக்குக் கிடைக்கும் மேம்படுத்தல்களும் அதற்குக் கிட்டுவதில்லை. 2019-இல் வெளிவந்த 8.0.17 பதிப்பில் இவ்விரண்டையும் கைவிடத்தக்கவை என்று மைஎஸ்க்யூஎல் அறிவித்தது. லிமிட்டோடு ஒரு வினவல், கவுண்டோடு இன்னொரு வினவல் என்று பிரித்து எழுதுமாறு அதன் ஆவணமே பரிந்துரைக்கிறது. வேர்ட்பிரஸ் தன் பதிவுப் பட்டியல்களுக்கு இதையே நெடுங்காலம் நம்பியிருந்தது. பக்க எண்கள் தேவைப்படாத இடங்களில் 'நோ_ஃபவுண்ட்_ரோஸ்' என்ற அளவுருவை இயக்குமாறு அனுபவமுள்ளோர் சொல்வதன் பின்னணி இதுதான்.

சரி, பிரித்துவிட்டோம், பக்கம் உடனே வருகிறது, எண்ணிக்கை மட்டும் இன்னும் மெதுவாக இருக்கிறது. இங்கேதான் போஸ்ட்கிரெஸின் உள்ளமைப்பு குறுக்கே வருகிறது. ஒரே பதிவின் பல பதிப்புகள் ஒரே வேளையில் சேமிப்பில் இருக்கலாம், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வெவ்வேறு பதிப்பு தெரியலாம் என்பதால், 'அட்டவணையில் மொத்தம் இத்தனை' என்று ஒரே எண்ணை எங்கும் எழுதி வைக்க முடியாது. கேட்பவரைப் பொறுத்து விடை மாறும். இன்னோடிபிக்கும் இதே நிலைதான். பழைய மைஐசாம் அமைப்பு நிபந்தனையற்ற எண்ணிக்கையை நொடியில் தந்ததைக் கண்டு பழகியவர்கள் இன்னோடிபிக்கு மாறியபோது குழம்பியதும் இதனால்தான். அந்த வேகமும் வேர் என்ற நிபந்தனை வந்தவுடன் மறைந்துவிடும் என்பதைப் பலர் கவனித்ததில்லை.

போஸ்ட்கிரெஸ் 9.2-இலிருந்து, அதாவது 2012-இலிருந்து, அட்டவணையைத் தொடாமல் இன்டெக்ஸை மட்டும் படித்து எண்ணும் வழி இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: அந்தப் பதிவு இருக்கும் சேமிப்புப் பக்கம் எல்லாப் பரிவர்த்தனைகளுக்கும் தெரியக்கூடியது என்று விசிபிலிட்டி மேப் என்ற வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தக் குறியை இடுவது, பழைய பதிப்புகளைத் துப்புரவாக்கும் வேக்கூம் என்ற பணி. ஆகவே இடைவிடாது மாறிக்கொண்டிருக்கும் அட்டவணையில் வேக்கூம் பின்தங்கினால், தரவுத்தளத்தின் செயல்திட்டத்தில் 'இன்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன்' என்று பெயர் இருந்தாலும் நடப்பது வேறாக இருக்கும். வினவலை ஓட்டி அதன் திட்டத்தைக் காட்டும் எக்ஸ்பிளைன் அனலைஸ் கொடுத்துப் பார்த்து, 'ஹீப் ஃபெட்சஸ்' (அட்டவணையைத் தொட்ட தடவைகள்) என்ற வரியில் உள்ள எண் பெரிதாக இருந்தால் அதுவே நோய். அந்த அட்டவணைக்கு மட்டும், வேக்கூமைத் தானாக ஓட்டும் ஆட்டோவேக்கூமை அடிக்கடி ஓடுமாறு அமைப்பது மருந்து. நீங்கள் வடிகட்டும் நகரம், நிலை, தேதி மூன்றும் ஒரே இன்டெக்ஸில் இருந்தால்தான் இந்த வழி திறக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகும் போதவில்லை என்றால், துல்லியமான எண்ணிக்கை உண்மையிலேயே யாருக்குத் தேவை என்று கேட்க வேண்டும். 3,17,482 ஆர்டர்கள் பொருந்துகின்றன என்று கண்ட பயனர், அது 3,17,490 ஆக இருந்திருந்தால் வேறெதையும் செய்திருக்கமாட்டார். வடிகட்டலை இன்னும் இறுக்க வேண்டும் என்று புரிந்துகொள்வார், அவ்வளவே. எனவே எண்ணிக்கைக்கு ஒரு மேல்வரம்பு வைப்பது எனக்கு மிகவும் பிடித்த உத்தி. பொருந்தும் பதிவுகளை லிமிட் 1001 என்று ஓர் உள்வினவலில் எடுத்து, வெளியே அதை எண்ணுங்கள். ஆயிரமோ அதற்குக் கீழோ வந்தால் அது துல்லியமான எண்ணிக்கை; 1001 வந்தால் திரையில் '1,000-க்கு மேல்' என்று எழுதுங்கள். எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போதுதான் மனிதர்கள் அதைக் கூர்ந்து பார்க்கிறார்கள்; அப்போது துல்லியம் கிடைக்கிறது, பெரிதாகும்போது செலவு கட்டுக்குள் நிற்கிறது. அரிதாகவே பொருந்தும் நிபந்தனைக்குச் சரியான இன்டெக்ஸ் இல்லையென்றால், ஆயிரத்தொன்றைத் தேடியே அட்டவணை முழுவதையும் அது சுற்றிவரும் என்ற எச்சரிக்கை மட்டும் உண்டு.

எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் இதே முடிவுக்குத்தான் வந்தது. 2019-இல் வெளியான 7.0 பதிப்பிலிருந்து, பொருத்தங்களின் மொத்தத்தை இயல்பாக 10,000 வரை மட்டுமே அது துல்லியமாக எண்ணுகிறது. விடையில் எண்ணோடு, அது சரியான எண்ணா அல்லது 'இவ்வளவாவது' என்ற கீழெல்லையா என்பதைச் சொல்லும் ஒரு குறியும் சேர்ந்து வருகிறது. முன்வரிசைக்கு வர வாய்ப்பில்லாத ஆவணங்களைத் தொடாமலே தாண்டிச் செல்லும் மேம்படுத்தலுக்காக அவர்கள் கொடுத்த விலை அது. முழு எண்ணிக்கை வேண்டுமென்றால் தனியே கேட்க வேண்டும்.

இன்னொரு வழி மதிப்பீடு. நிபந்தனையில்லாத முழு அட்டவணைக்கு, பிஜி_கிளாஸ் என்ற அமைப்பு அட்டவணையில் 'ரெல்டப்பிள்ஸ்' என்ற நெடுவரிசை ஏறக்குறைய எத்தனை பதிவுகள் என்பதைச் சொல்கிறது. வேக்கூமோ, புள்ளிவிவரம் திரட்டும் அனலைஸோ ஓடும்போது அது புதுப்பிக்கப்படும். ஒருமுறையும் அவை ஓடாத அட்டவணைக்கு 14-ஆம் பதிப்பிலிருந்து அதில் -1 இருக்கும், அதை அப்படியே திரையில் காட்டிவிட வேண்டாம். நிபந்தனை இருந்தால், வினவலை ஓட்டாமல் எக்ஸ்பிளைன் மட்டும் ஜேசான் வடிவில் கேட்டு, மேல்மட்டத்தில், வினவலை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவு செய்யும் தரவுத்தளப் பகுதியான திட்டமிடுபவர் எதிர்பார்க்கும் பதிவுகளின் எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு லிமிட் இல்லாத வினவலைத் தர வேண்டும். நெடுவரிசைகள் ஒன்றையொன்று சாராதவை என்ற அனுமானத்தில் இந்த மதிப்பீடு நிற்பதால், நகரமும் அஞ்சல் குறியீடும் போல ஒன்றைச் சொன்னால் மற்றது தானே முடிவாகிவிடும் நிபந்தனைகளில் அது பெரிதும் பிசகும். 10-ஆம் பதிப்பில் வந்த கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கொண்டு அந்தச் சார்பைத் தெரிவித்தால் ஓரளவு சீராகும். போஸ்ட்கிரெஸ் அட்டவணைகளை வலை வழியே தரும் போஸ்ட்கிரெஸ்ட் என்ற கருவி இந்தத் தேர்வை அழைப்பவரிடமே விட்டுவிடுகிறது: துல்லியமானது, திட்டமிடுபவரின் கணிப்பு, சிறிய எண்களுக்குத் துல்லியமும் பெரியவற்றுக்குக் கணிப்பும் என்ற மூன்றில் ஒன்றைக் கோரிக்கையின் தலைப்பில் குறிப்பிடலாம். வடிவமைப்பாக அது எனக்கு நேர்மையாகப் படுகிறது.

எண்ணவே தேவையில்லாத சந்தர்ப்பங்களையும் பலர் கவனிப்பதில்லை. பக்க வினவலை முதலில் ஓட்டுங்கள். முதல் பக்கத்துக்கு 20 கேட்டு 13 மட்டுமே வந்தால் மொத்தம் 13 தான். ஆஃப்செட் 40-இல் 7 வந்தால் மொத்தம் 47. பக்கம் நிறைந்து வந்தால் மட்டுமே எண்ணிக்கை வினவலுக்கு வேலை. ஜாவா நிரல்களுக்கான ஸ்பிரிங் டேட்டா என்ற நூலகம் இந்தச் சிறு கணக்கைத் தானே செய்துகொள்கிறது; கையால் எழுதும் நிரல்களில் இது பெரும்பாலும் விடுபட்டிருக்கிறது. நுணுக்கமாக வடிகட்டும் பயனர்கள் அதிகம் என்றால், இந்த ஒரு நிபந்தனையே எண்ணிக்கை வினவல்களில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடும்.

அடுத்த பக்கம் உண்டா இல்லையா என்பது மட்டும் போதுமானால், லிமிட் 21 என்று கேட்டு, இருபத்தொன்றாவது வந்ததா என்று பார்த்துவிட்டு அதைக் காட்டாமல் விட்டுவிடலாம். ஸ்பிரிங் டேட்டாவில் பேஜ் என்பதற்குப் பதிலாக ஸ்லைஸ், பிஎச்பி சட்டகமான லாராவெலில் பேஜினேட் என்பதற்குப் பதிலாக சிம்பிள்பேஜினேட் ஆகியவை இதைத்தான் செய்கின்றன. பைத்தான் சட்டகமான ஜாங்கோவின் நிர்வாகப் பக்கம் வடிகட்டியது, வடிகட்டாதது என்று இரண்டு எண்ணிக்கைகளைக் கேட்கும் பழக்கமுடையது. 'ஷோ_ஃபுல்_ரிசல்ட்_கவுண்ட்' என்பதை அணைத்தால் இரண்டாவது நின்றுவிடும்.

ஆஃப்செட்டை விட்டுவிட்டு, கடைசியாகக் காட்டிய பதிவின் தேதியையும் எண்ணையும் கொண்டு 'இதற்குப் பிந்தியவை' என்று கேட்கும் கீசெட் முறைக்கு மாறினால், ஆழமான பக்கங்களும் முதல் பக்கத்தைப் போலவே விரைவாக வரும். ஆனால் அங்கே ஓவர் () எண்ணிக்கையைக் கூடவே வைத்திருந்தால், அது மொத்தத்தைத் தராது; 'இதற்குப் பிந்தியவை' என்ற நிபந்தனையும் வேர் பகுதிக்குள் போய்விட்டதால், எஞ்சியவற்றை மட்டும் எண்ணும். பயனர் பக்கங்களைப் புரட்டப் புரட்ட மொத்தம் குறைந்துகொண்டே வருவதைக் காண்பார். கீசெட்டோடு மொத்தமும் வேண்டுமென்றால் அதைத் தனி வினவலாகத்தான் எழுதியாக வேண்டும்.

எண்ணிக்கையை முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பதும் உண்டு. நிலைவாரியாக எத்தனை ஆர்டர்கள் என்பது போன்ற நிலையான சில வடிகட்டல்களுக்கு ஒரு சுருக்க அட்டவணையை வைத்து, பதிவு மாறும்போது தானாக இயங்கும் ட்ரிக்கரால் புதுப்பிக்கலாம். ஆனால் ஒவ்வொரு புதிய ஆர்டரும் அதே ஒற்றைப் பதிவைத் திருத்தக் காத்திருக்கும்போது, வாசிப்பில் மிச்சப்படுத்தியதை எழுதுவதில் இழக்க நேரிடும். பயனர் விருப்பம்போல் நிபந்தனைகளைச் சேர்க்கும் உங்கள் பட்டியலுக்கு இது பொருந்தாது. அதைவிட எளியது, முதல் பக்கத்தில் ஒருமுறை எண்ணி, அதே நிபந்தனைகள் நீடிக்கும் வரை அந்த எண்ணையே அடுத்தடுத்த பக்கங்களுக்கும் எடுத்துச் செல்வது. நிபந்தனைகளைச் சாவியாகக் கொண்டு ஓரிரு நிமிடம் கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பில் வைத்தாலும் போதும்.

உங்கள் ஆர்டர் பட்டியலுக்கு நான் செய்வது இதுவாக இருக்கும்: இரண்டு வினவல்களையும் தனித்தனியாகவே வைத்துக்கொண்டு, நிபந்தனையை ஒரே இடத்தில் உருவாக்கி, பக்க வினவலை முதலில் ஓட்டி, பக்கம் நிறைந்திருந்தால் மட்டும் 10,001 என்ற வரம்போடு எண்ணுவேன். நகரம், நிலை, தேதி என்ற வரிசையில் ஓர் இன்டெக்ஸ் இட்டு, வரிசைப்படுத்தலில் தேதியோடு ஆர்டர் எண்ணையும் சேர்ப்பேன். ஒரே தேதியில் பல ஆர்டர்கள் இருக்கும்போது அது இல்லாவிட்டால், எண்ணிக்கை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், ஒரே ஆர்டர் இரண்டு பக்கங்களில் தோன்றவும் வேறொன்று எந்தப் பக்கத்திலும் தோன்றாமல் போகவும் இடமுண்டு. மாற்றும் முன்னும் பின்னும், அதிக ஆர்டர்கள் உள்ள நகரத்தையும் மிகக் குறைவாக உள்ள நகரத்தையும் தனித்தனியாகக் கொடுத்து எக்ஸ்பிளைன் அனலைஸ் பாருங்கள். திட்டமிடுபவர் இரண்டுக்கும் வெவ்வேறு வழியைத் தேர்ந்தெடுக்கக்கூடும் என்பதால், ஒன்றில் கிடைத்த நேரத்தை மற்றதற்கும் பொருத்திப் பார்க்க இயலாது.